கண்ணே தெரியலையே: நாங்கள் கேமரா மாற்றிய கதை



கூட்டம், பயிற்சி என்று எங்கே போனாலும் கழுத்தில் தொங்குகிற கேமராவைப் பார்த்துவிட்டு ஒரு தம்பியோ தங்கையோ கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா, மிரர்லெஸ் வாங்கலாமா?" நின்ற இடத்திலேயே இரண்டு வரியில் பதில் சொல்லிச் சமாளித்து வந்தோம். பிறகு அந்தக் கேள்வி எங்களுக்கே வந்தது. நான்கு மாதம் சண்டை போட்டோம். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் ஐந்து பேர். சோளிங்கரையும் சுற்றியுள்ள காலனிகளையும் சேர்ந்தவர்கள். ஒருவர் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். ஒருவர் சட்டம் படிக்கிறார். இரண்டு பேர் மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். இன்னொருவர் கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுத்துப் பிழைக்கப் பார்த்து, முடியாமல் இப்போது மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறார். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கேமரா. மாதம் ஆளுக்கு 500 ரூபாய் சீட்டு கட்டி, 2016இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி5300. அதோடு ஒரு 18-55 லென்ஸ். ஒரு வருடம் கழித்து 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்.

ஏன் கேமரா என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டார்கள். பதில் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. எங்களில் மூன்று பேரின் அப்பாக்கள் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்கள். அவர்களில் ஒருவர் இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் படம் தேடினோம். பெட்டி, பீரோ, பரண் எல்லாம் புரட்டினோம். கிடைத்தது ஈஎஸ்ஐ அட்டையில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டாம்ப் சைஸ் படம். அதன் மேல் பாதி முத்திரை. அதையே பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடித்தார்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. முப்பது வருடம் தோலைப் பதப்படுத்திய மனிதருக்கு மிஞ்சிய ஒரே படம், கம்பெனி தன் கணக்குக்காக எடுத்த படம். அதுவும் தெளிவாக இல்லை.

பழைய நாட்களில் ஊரில் ஸ்டுடியோ இருந்தது. காலனிக் கல்யாணத்துக்கு வருவார்கள்தான். தாலி கட்டும்போது நாலு படம், குரூப் படம் ஒன்று எடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தால்கூட "இப்பதான் குடிச்சேன்" என்பார்கள். பந்தியில் உட்கார்ந்ததை நாங்கள் பார்த்ததில்லை. அதனால் எங்கள் அம்மாக்களின் கல்யாண ஆல்பங்களில் சிரிக்கிற முகம் கிடையாது. விறைத்து நிற்கிற முகங்கள்தான். எடுக்கிறவர் யார் என்பது படத்தில் தெரியும் தோழர்களே. அதற்கு லென்ஸ் காரணமில்லை.

சரி, கேமராவுக்கு வருவோம்.

டி5300இன் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் என்பது கணக்கு. எங்களுடையது அதை எப்போதோ தாண்டிவிட்டது. போன வருடம் ஏப்ரல் 14 ஊர்வலத்தின் நடுவில் ஷட்டர் சிக்கியது. தட்டினோம், ஊதினோம், பேட்டரியைக் கழற்றி மாட்டினோம். நாலு படத்துக்கு ஒரு படம் பாதி கறுப்பாக விழுந்தது. சென்னையில் காட்டியபோது ஷட்டர் மாற்றும் செலவில் இன்னொரு பழைய டி5300 வாங்கிவிடலாம் என்றார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

சண்டையில் ஒரு கட்சி, பழைய டி750 வாங்கலாம் என்றது. பெரிய சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர். 2014இல் வந்தது. மிரர்லெஸ் பக்கம் எல்லோரும் ஓடுவதால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒரு சார்ஜில் 1,230 படம் வரை எடுக்கும் என்று கம்பெனிக் கணக்கு. இன்னொரு கட்சி, பழைய இசட்50 வாங்கலாம் என்றது. 2019இல் வந்த மிரர்லெஸ். சென்சார் சிறியது, கார்டு ஒன்றுதான், பேட்டரி சுமார் 300 படம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் டி750தான் ஜெயிக்கும். முதல் இரண்டு மாதம் அதுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

அதைத் திருப்பிப்போட்டது ஒரு அக்கா.

எங்கள் தெரு அக்கா, ஒரு டேனரியில் தோல் அடுக்குகிற வேலை. சில வருடம் முன்பு அவரை வேலை முடிந்த நேரத்தில், சுண்ணாம்பு போட்ட தோல்கள் குவிந்திருந்த இடத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தோம். எங்களுக்கு அது பெரிய படமாகத் தெரிந்தது. பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா பார்த்தார். "இன்னாப்பா இது, இவ்ளோ கறுப்பா போட்டுகினு வந்துட்ட?"

எங்களுக்கு வந்ததே கோபம். உடனே வகுப்பு எடுத்தோம். கறுப்பு அழகு, கறுப்பு எங்கள் நிறம், ஸ்டுடியோக்காரன் வெளுக்கவைத்துக் கொடுப்பதுதான் அவமானம் என்று பத்து நிமிடம் பேசினோம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "கறுப்பா கீறது தப்புன்னு நான் சொல்லலையே. கண்ணே தெரியலையேப்பா."

திரும்பிப் பார்த்தோம். தெரியவில்லைதான். பின்னால் தோல் குவியல் பளிச்சென்று, மடிப்பு மடிப்பாக, அருமையாக விழுந்திருந்தது. அக்காவின் கண் இருந்த இடத்தில் நிழல். மனிதர் இருட்டாகவும் தோல் வெளிச்சமாகவும் இருந்த படத்தை எடுத்துவிட்டு நாங்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தோம்.

இது ஏன் நடந்தது என்று அப்புறம்தான் படித்தோம். கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு மனிதர், தோல், சுவர் என்ற வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் கலந்து சராசரியாக்கினால் நடுத்தரச் சாம்பல் வரும் என்று வைத்துக்கொள்கிறது. சுமார் 18 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்புகிற சாம்பல். முன்னால் சுண்ணாம்பு வெள்ளை நிறைய இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும். நம் முகம் கரியாகும். கறுத்த முகம், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர். நம் ஊர்வலங்களை, நம் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். மீட்டர் தோற்கிற இடங்களில்தான் நாம் நிற்கிறோம்.

இந்தக் கதை ஃபிலிம் காலத்திலிருந்தே இருக்கிறது. கோடாக் கம்பெனி பிரின்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவர் தோல் நிறம் சரியாக வந்தால் மிஷின் சரி. ஷெர்லி கார்டு என்று பெயர். கறுப்பின மக்களின் முகம் அந்த ஃபிலிமில் சரியாக விழவில்லை என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் ஃபிலிமைத் திருத்தும்படி கோடாக்கை நெருக்கியதில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் உண்டு. டார்க் சாக்லேட்டும் மில்க் சாக்லேட்டும் படத்தில் ஒரே மாதிரி இருக்கிறதாம், தேக்கும் மற்ற மரமும் பிரிந்து தெரியவில்லையாம். டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் சிரித்தார், "மரத்துக்குக் கீற மரியாதடா" என்று.

அதனால்தான் ஃபிரெடரிக் டக்ளஸை எங்களுக்குப் பிடிக்கும். அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்த அந்தத் தலைவரின் படங்கள் 160க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகம் படமெடுக்கப்பட்ட மனிதர் அவர்தான் என்கிறார்கள். தேடிப் போய் எடுத்துக்கொண்டார். சிரிக்காமல், நேராகப் பார்த்து. அண்ணலின் கோட்டும் சூட்டும் நம் தெருவில் என்ன செய்கிறதோ, அதே வேலை.

சரி, இதற்கும் டிஎஸ்எல்ஆர்–மிரர்லெஸ் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வருகிற ஒளி ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நாம் பார்ப்பது எதிரே இருக்கிற காட்சியை. படம் எப்படி விழப்போகிறது என்பதை அல்ல. பட்டனை அழுத்தினால் கண்ணாடி எழும்பி வழிவிடும், அப்போதுதான் சென்சார் பார்க்கும். முகம் கரியானது எடுத்து முடித்த பிறகே தெரியும். வெயிலில் பின்திரையைப் பார்த்தால் அதுவும் தெரியாது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சார் பார்ப்பதையே ஒரு குட்டித் திரையில் நாமும் பார்க்கிறோம். வெளிச்சத்தைக் கூட்டினால் கூடுவது தெரியும், குறைத்தால் குறைவது தெரியும். அழுத்துவதற்கு முன்பே அக்காவின் கண் தெரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கைதேர்ந்தவர்களுக்கு இது தேவையில்லை. இந்த வெளிச்சத்தில் ஒன்றேகால் ஸ்டாப் கூட்டு என்று அவர்கள் விரல் தானாகச் செய்யும். டிஎஸ்எல்ஆரிலும் பின்திரையில் பார்த்து எடுக்கலாம்தான், ஆனால் டி5300இல் அப்படிச் செய்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து முடிவதற்குள் ஆள் போய்விடுவார். எங்கள் கேமரா ஐந்து கை மாறுகிறது. ஐந்தும் ஒரே அளவு தேர்ந்த கையில்லை. டியூஷன் பிள்ளைகளும் எடுக்கிறார்கள். அவர்களுக்கு மீட்டரின் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கண்ணால் காட்டுவது எளிது.

இன்னொன்று சத்தம். இதைப் பற்றி விளம்பரங்களில் யாரும் உருகி எழுதுவதில்லை. எங்களுக்கு இதுதான் முக்கியம். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி எழும்பி விழும்போது 'டக்கு' என்று ஒரு சத்தம். சாவு வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நின்று அவர் குனிந்தபோது நாங்கள் அழுத்தினோம். டக்கு. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை எங்கேயும் பயன்படுத்தவில்லை. மிரர்லெஸ்ஸில் சத்தமே இல்லாமல் எடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் சத்தமில்லை என்பதற்காக அந்த அம்மா குனிந்த நொடியை எடுத்துவிடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். டி750 கட்சி. நியாயமான கேள்விதான். அதற்குக் கேமரா பதில் சொல்லாது என்று விட்டுவிட்டோம். இன்னும் அதைப் பற்றி எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. (சத்தமில்லா ஷட்டரில் டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கல்யாண மண்டபத்தில் எடுக்கப் போகிறவர்கள் கவனம்.)

மிரர்லெஸ்ஸுக்கு எதிரான வாதங்களும் லேசானவை இல்லை. எங்கள் பகுதியின் காற்று உங்களுக்குத் தெரியும். டேனரிப் பக்கம் தூசி, ஈரம், நெடி. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைப்பாக நிற்கும். இசட்50இல் சென்சார் அப்படியே வாய் பிளந்து இருக்கும். சுண்ணாம்புத் தூள் ஒன்று போதும், எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரு புள்ளி. பேட்டரி அடுத்தது. நிக்கானின் சாதாரண டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுத்த காலம் உண்டு. மிரர்லெஸ் திரையும் சென்சாரும் விடாமல் விழித்திருப்பதால் சார்ஜைக் குடிக்கும். பவர் பேங்கில் சார்ஜ் போடலாம் என்பது ஒரு ஆறுதல்.

பழைய லென்ஸ்? நிக்கான் எஃப் மவுன்ட் 1959இல் வந்தது. அதில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மி.மீ. தூரம், கண்ணாடி எழும்ப இடம் வேண்டுமே. புதிய இசட் மவுன்டில் 16 மி.மீ. அந்த இடைவெளியை நிரப்ப எஃப்டிஇசட் என்று ஒரு அடாப்டர். எங்கள் 35 மி.மீ. லென்ஸுக்குள் மோட்டார் இருக்கிறது, அதனால் ஃபோகஸ் தானாக வேலை செய்யும். பழைய 'டி' வகை லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் கிடையாது, அவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏமாறாதீர்கள். இன்னொரு பக்கம், சோனி 2021இல் டிஎஸ்எல்ஆர் வகையை விட்டுவிட்டது. கேனானும் தன் உச்ச டிஎஸ்எல்ஆர் வரிசைக்கு இனி அடுத்தது இல்லை என்று அதே வருடம் சொல்லிவிட்டது. அது நமக்கு நஷ்டம் இல்லை. அவர்கள் கழித்துக் கட்டுவது நம் கைக்கு மலிவாக வரும்.

சட்டம் படிக்கிற தோழர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். இரண்டு கார்டு. ஏன் என்று சொல்கிறோம்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்தது நினைவிருக்கும். சுடுகாட்டுக்கு வழி இல்லாமல், நம் மக்கள் ஒரு உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த வீடியோ பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வழி அதற்கு முன்பும் அடைபட்டுத்தான் கிடந்தது. அன்றைக்குத்தான் வெளியில் தெரிந்தது. அதை எடுத்தது டிஎஸ்எல்ஆரும் இல்லை, மிரர்லெஸ்ஸும் இல்லை. கையில் இருந்த செல்போன். ஆகவே கேமரா வாங்கிய பிறகுதான் ஆவணப்படுத்துவோம் என்று யாரும் காத்திருக்காதீர்கள்.

ஆனால் எடுப்பது ஒன்று, நிற்கவைப்பது இன்னொன்று. எங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் பாதையில் போட்ட வேலியை நாங்கள் எடுத்தோம். தெளிவான 22 படங்கள். ஒரு அலுவலகத்தில் காட்டியபோது, கோப்பின் தேதியைப் பார்த்துவிட்டு, "இது பல வருஷம் முந்தி எடுத்ததா இருக்கே" என்றார்கள். கேமராவைப் பல வாரம் பேட்டரி இல்லாமல் வைத்திருந்தோம், கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்தது. திரையில் அது மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. தப்பு எங்களுடையது. அந்த 22 படமும் வீண்.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 நடைமுறையில் இருக்கிறது. பழைய 65பி இருந்த இடம். மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் அதோடு சான்றிதழ் வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் வரவேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். அதனால் மூலக் கோப்பைத் தொடவே கூடாது. கார்டிலிருந்து அன்று மாலையே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலம் என்று நினைக்கக் கூடாது, அது படத்தைச் சுருக்கி, உள்ளே இருக்கும் விவரங்களையும் கழற்றிவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. டி5300இல் ஜிபிஎஸ் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு எடுத்த மூலக் கோப்பை அப்படியே பொதுவில் போட்டால் சாட்சியின் வீடு எங்கே என்பதையும் சேர்த்துப் போடுகிறீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ(10) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல். இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. கேட்டு வாங்குங்கள். நம் கேமராவைவிட அது முக்கியம்.

இதெல்லாம் பேசி முடித்தபோது பணம் கையில் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எங்களைத் தேற்றியது பழனிக்குமாரின் கதை. மதுரையில் மீன் விற்கிற அம்மாவின் மகன். கடன் வாங்கித்தான் முதல் கேமராவை வாங்கினார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தார். மலக்குழி மரணங்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். 2022இல் தயானிதா சிங்–பாரி விருது அவருக்குத்தான் முதலில் கிடைத்தது. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் சொந்தக் குடும்பத்தையே எடுத்தார். இவர்களின் படங்களில் முகம் தெரிகிறது, கண் தெரிகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் செத்துப்போனார்கள். நாங்கள் பார்த்த படங்களில் சேறு இருந்தது. அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அரைமணி நேரத் தூரத்தில் இருந்தோம்.

கடைசியில் ஓட்டுப் போட்டோம். மூன்றுக்கு இரண்டு. பழைய இசட்50, அடாப்டரோடு 62,000 ரூபாய். சீட்டுப் பணம் போக மீதிக்கு ஒரு அக்கா தோடு வைத்தார், இன்னும் மீட்கவில்லை. தோற்ற இரண்டு பேரும் சொன்னது தவறில்லை. மழையிலும் தூசியிலும் நாள் முழுக்க நிற்கிற வேலை என்றால், ஒருவரே எடுப்பவர் என்றால், டி750 வாங்குங்கள் என்றுதான் நாங்களும் சொல்வோம். பணமே இல்லையென்றால் பழைய டி5300இல் ஒரு 35 மி.மீ. மாட்டுங்கள், போதும். எங்களுடைய பழையது டியூஷன் பிள்ளைகளிடம் இருக்கிறது. நாலில் ஒன்று இன்னும் பாதி கறுப்பாக விழுகிறது. அதுகள் கவலைப்படுவதில்லை.

புதியது வந்த வாரம் அதே அக்கா வீட்டுக்குப் போனோம். டேனரி வேண்டாம் என்றார், வாசலில் எடு என்றார். வெள்ளை அடித்த சுவர். பெண்ணை முதலில் நிறுத்தினோம், கேமராவை அக்கா கையில் கொடுத்தோம். குட்டித் திரையில் கண்ணை வைத்தார். டயலைத் திருப்பச் சொன்னோம். "இருட்டா கீது... இரு... இன்னும்... இன்னும் கொஞ்சம்... தோ, கண்ணு வந்துடுச்சு." பார்த்தோம். +1.3இல் நின்றிருந்தது. அப்புறம் அதே அளவில் அக்காவை எடுத்தோம்.

பிரின்ட் எந்த சைஸ் வேண்டும் என்று கேட்டோம்.

"பெருசா ரெண்டு போட்டுக் குடு. ஒண்ணு இப்ப மாட்டிக்கறேன். இன்னொண்ண பெட்டில வெக்கறேன், அன்னிக்கி நீங்க தேடிகினு அலையக் கூடாது."

மேட் பேப்பரில், 12க்கு 18இல், இரண்டு போட்டுக் கொடுத்தோம்.